ஒன்பது கோல் விட்டவளுக்கு

குட்டிப் பிசாசே,

சாப்பாடு மேசையில் மூடி வைத்திருக்கிறது. நீ குப்பையில் வீசிய கோல்கீப்பர் கையுறையைத் துவைத்து பால்கனியில் காயப்போட்டிருக்கிறேன்.

"இன்னொரு கீப்பர் நாலு கோல்தான் விட்டா, நான் ஒன்பது. இனிமே ஆடவே மாட்டேன்"னு நேற்று அழுதாயே. இந்த வருஷம் அவளிடம் வந்த பந்தே எட்டுதான். அதில் பாதி உள்ளே போயிற்று. உன்னிடம் வந்தது தொண்ணூறு; பத்துக்கு ஒன்றுதான் போயிற்று. எண்ணிக்கையில் ஏமாறாதே, விகிதத்தைப் பார் என்று என் தேர்வுப் புத்தகம் கத்துவது இதைத்தான்.

என் தங்கச்சி பத்தில் ஒன்பது பந்தைத் தடுப்பவள் என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டேன். சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லைதான்.

மாலைப் பயிற்சிக்குப் போ.

அண்ணன்

பி.கு.: தட்டு உடைத்ததிலும் இதே கணக்குதான். நான் மூன்று உடைத்தேன், ஆனால் தினமும் கழுவுகிறேன். நீ கழுவியதே ஒரு தட்டு, அதையும் உடைத்தாய். பாத்திரத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ பந்தைப் பிடி.