பேர்பிளுக்குப் பொருந்துற சொல்

அன்புள்ள மகன் டிலக்சனுக்கு அம்மா எழுதுறது. பாலையூற்றில் நானும் அப்பாவும் உடம்பால சுகம், அப்பாவின்ர மண்டைக்கு மட்டும் உத்தரவாதம் தர ஏலாது. நீயும் சிவாஜினியும் மிதுராக்குட்டியும் அந்தக் குளிருக்குள்ள தடிமன் காய்ச்சல் ஒண்டும் அண்டாமல் இருக்கக் கோணேசர் துணை. போன் இருக்கேக்க ஏன் கடிதம் எண்டு யோசிப்பாய். போனில எனக்கு முறை வந்தால்தானே மகன், ஞாயிற்றுக்கிழமை அது சிணுங்கின உடனே அப்பா பறிச்சுக்கொண்டு மாமரத்துக்குக் கீழ போயிடுறார், சார்ஜ் செத்த போன்தான் எனக்குத் திரும்பி வருது.

பேத்தியும் அவரும் இங்கிலீஷ் சொல்லு விளையாடுறது உனக்குத் தெரியும், அதால இங்க நடக்கிற கூத்துத்தான் உனக்குத் தெரியாது. முதல் நாள் அவள் பட்டர் எண்டாளாம், இவர் பட்டன் எண்டவர். பிழை அப்பப்பா எண்டு அவள் இங்கிலீஷில சொல்லிச் சிரிக்க, இரண்டாம் எழுத்து ஒத்து வந்தால் எதுகை, எனக்குப் பள்ளிக்கூடத்தில படிப்பிச்சது எண்டு இவர் வாதாட, கடைசிச் சத்தம்தான் ஒத்து வரவேணும் எண்டு சொல்லிப்போட்டு அவள் போனை வைச்சிட்டாள். அண்டைக்கு இவர் சாப்பிடேல்லை. நான் ஏசினனான், சின்னப்பிள்ளையோட என்ன போட்டி எண்டு. அதுக்கு அவர் சொன்னார், இவ்வளவு காலமும் ஹாய் எண்டு சொல்லிப்போட்டு ஓடுற பிள்ளை இதுக்காகத்தான் நிண்டு கதைக்குது, என்னட்ட இருக்கிற சொல்லு முடிஞ்சால் அவளும் போயிடுவாள் எண்டு.

ஆனால் மனுசனோட சீவிக்க ஏலாது மகன். ரைஸ் போடவோ எண்டு கேட்டால் ஐஸ், மைஸ், பிரைஸ் எண்டுறார், சோறு ஆறிப்போகுது. மீன் வாங்க அனுப்பினால் லாபிர் நானாவின்ர மீன்கடையில ஃபிஷ், டிஷ், விஷ் எண்டு அவரோட கதைச்சுப்போட்டு வெறும் பையோட வாறார். குச்சவெளியில ஒரு செத்தவீட்டுக்குப் போனனாங்கள், சவப்பெட்டி கொண்டுவந்த வாகனத்தில கொஃபின் எண்டு எழுதிக்கிடந்தது. எல்லாரும் அழுதுகொண்டிருக்க இவர் எழும்பி டொல்ஃபின் எண்டு கத்தினார். எனக்கு நிலம் பிளந்தால் போதும் எண்டிருந்தது. செத்தவர் கடலுக்குப் போற மனுசன், அவரின்ர தங்கச்சி இவரைக் கட்டிப்பிடிச்சு, ஓம் அண்ணை, அதைக் கண்டால் அவர் வலையையும் விட்டுட்டுப் பாத்துக்கொண்டு நிப்பார், உங்களுக்காவது ஞாபகம் இருக்கே எண்டு குழறினா. இவரும் சேர்ந்து அழுதவர், ஏன் எண்டு அவருக்கே தெரியாது.

அதை விடு, போன செவ்வாய்க்கிழமை சீனன்குடாவில பிடிபட்டவர். எண்ணெய்த் தாங்கிப் பக்கம் இங்கிலீஷ் பலகை கனக்க இருக்கு எண்டு பஸ் ஏறிப் போய், கம்பி வேலிக்குப் பக்கத்தில நிண்டு முணுமுணுத்துக்கொண்டு பேனையால கையில எழுதியிருக்கிறார். காவலுக்கு நிண்டவங்கள் வந்து கையைத் திருப்பிப் பாத்தால் கொட்டை எழுத்தில பொம்ப், அதுதான் குண்டுக்கு இங்கிலீஷ், எழுதிக்கிடக்குது, அதுக்குக் கீழ சீப்புக்கு இங்கிலீஷ், அதுக்குக் கீழ கல்லறைக்கு இங்கிலீஷ். பிறகு என்ன, என்னை அடையாளம் காட்ட வரச்சொல்லி அழைப்பு. நான் நேர்த்தி வைச்சுக்கொண்டு ஓட்டோவில ஓடினனான், எந்தக் கூண்டுக்குள்ள வைச்சிருக்கிறாங்களோ எண்டு. போய்ப் பாத்தால் இவர் கதிரையில இருந்து பிளேன்ரீ குடிக்கிறார், அங்கத்தைப் பெரிய அதிகாரி, ஒரு சிங்களவர், மேசையில தட்டித் தட்டி, எழுத்து ஒண்டாய் இருந்தாலும் சத்தம் வேற ஐயா, பொம், கோம், டூம், மூண்டும் ஒத்து வராது எண்டு தமிழில படிப்பிக்கிறார். இவர் விடுகிறாரே, மூண்டும் ஒரே மாதிரித்தானே முடியுது, பிறகு என்ன பாசை இது எண்டு கோவிக்கிறார். தோளில துவக்கோட காவலுக்கு நிண்ட பொடியன் ரூம் எண்டால் டூமுக்குச் சரி சேர் எண்டு எடுத்துக் குடுத்தான். என்ர கையெழுத்தை வாங்கிப்போட்டு விட்டவங்கள், இனி இங்கிலீஷ் சொல்லு வேணுமெண்டால் தபாற்கந்தோர்ப் பக்கம் தேடச் சொல்லி.

இனித்தான் முக்கியமான விசயம். இந்த ஞாயிறு நான் மாமரத்துக்குப் பக்கத்தில உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நிண்டனான். மிதுரா பேர்பிள் எண்டாள், ஊதா நிறத்துக்கு இங்கிலீஷ். இவருக்கு ஒண்டும் வரேல்லை. நெத்தியெல்லாம் வேர்வை, கையில எழுதினதும் அழிஞ்சுபோச்சு. அவள் போனை வைக்கப்போறாள் எண்டு நானும் உடுப்பை விட்டுட்டுக் கிட்டப் போனனான். உடனே இவர் சேர்பிள் எண்டார். அப்பிடி ஒரு சொல் இருக்கோ எண்டு அவள் கேட்க, ஓம், அது ஒரு மீன் எண்டுபோட்டார். எப்பிடிப்பட்ட மீன் எண்டு கேட்டதுக்கு இங்கிலீஷில சொல்ல இவருக்கு ஏலேல்லை, தமிழில வெளிக்கிட்டார். எங்கட துறைமுகத்தில கப்பலுக்குக் கீழதான் அது இருக்கும், ஊதா வரி, கப்பல் ஹோன் அடிச்சால் இரண்டு செட்டையாலயும் காதைப் பொத்திக்கொள்ளும், அதாலதான் ஒருத்தரும் பிடிக்க ஏலாது எண்டு அளந்துகொண்டே போனார். அவளுக்கு விளங்காது, இப்ப வைப்பாள் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான். இவர் மூச்சு விட நிப்பாட்டின நேரம் அந்தப் பக்கத்தில இருந்து அந்தச் சின்னக் குரல் கேட்டுது மகன், பிறகு, அப்பப்பா, பிறகு எண்டு. தமிழில.

அதால உன்னட்டக் கேக்கிறது ஒண்டுதான். பிள்ளை பள்ளிக்கூடத்தில போய் சேர்பிள் மீனைப் பற்றிச் சொல்லி ரீச்சர் உன்னைக் கூப்பிட்டால், ஓம், எங்கட ஊரில இருக்கு எண்டு சொல்லு. திருத்திப்போடாதே. சிவாஜினிக்கும் சொல்லி வை. அந்த மீனுக்கு இப்ப பெண்சாதியும் ஆறு குஞ்சும் வந்திட்டுது, அடுத்த ஞாயிறுக்கு அப்பா மாமியாரையும் கொண்டுவரப்போறாராம். பிள்ளைக்குத் தலைக்கு எண்ணெய் வை, நேரத்துக்குச் சாப்பிடு, கார் பாத்து ஓட்டு. மூண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட காலம் நல்லாய் இருக்கவேணும்.

எப்பவும் உன்னை நினைச்சபடி,
அம்மா
பாலையூற்று, திருகோணமலை