சூளைக்கு அடுத்த சுற்று

மச்சான்,

இன்று காலை தாம்பரம் ஸ்டேஷனில் செங்கல்பட்டு வண்டிக்குக் காத்திருந்தபோது கைப்பேசி ஒரு முறை அதிர்ந்தது. நம் மிருகச் சண்டை விளையாட்டுக்குப் புது அப்டேட் வந்திருந்தது. என்னென்ன மாறியிருக்கிறது என்று நீளமாகப் பட்டியல் போட்டிருந்தார்கள். அதில் ஏழாவதோ எட்டாவதோ வரியில் உன் சூளை அடி இருந்தது. இனிமேல் சூளை அடித்த மிருகம் அடுத்த சுற்றில் மண்டிபோட வேண்டியதில்லையாம். அடித்த கையோடு மறுபடியும் அடிக்கலாமாம். பிளாட்பாரத்தில் நின்றபடியே உன்னை வாய்விட்டுத் திட்டினேன். பக்கத்தில் சாப்பாட்டுப் பையோடு நின்றிருந்த பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றாள்.

நீ என் மனைவியின் அண்ணன், என்னைவிட ஆறு வயது மூத்தவன். நீ உயிரோடு இருந்தவரை "வாங்க மச்சான், உக்காருங்க மச்சான்" என்றுதான் பேசினேன். இந்த மடலில் 'நீ' என்றே எழுதப்போகிறேன். கோபத்துக்கு 'நீங்கள்' சௌகரியப்படவில்லை. உன் காரியத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் உன்னைப் பற்றி நல்லதாகவே பேசினார்கள். வெள்ளம் வந்தபோது முடிச்சூர்த் தெருவில் இடுப்பளவுத் தண்ணீரில் யார் யாரையோ தோளில் தூக்கி வந்தாய் என்றார்கள். அதெல்லாம் உண்மைதான். நான் சொல்லப்போவதும் உண்மைதான்.

அந்த விளையாட்டை என் மகள்தான் முதலில் இறக்கினாள். ஒரே மாதத்தில் அவளுக்கு அலுத்துவிட்டது. நமக்குத்தான் பிடித்துக்கொண்டது. நாற்பதைத் தாண்டிய இரண்டு ஆண்கள், தினமும் சாயங்காலம் மொட்டை மாடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக்கொண்டு, கைப்பேசியில் மிருகங்களைச் சண்டைக்கு விட்டுக்கொண்டிருந்தோம். இரண்டு பேர் ஒரு கட்சி, எதிரே இரண்டு பேர். உனக்குக் குளம்பில் நெருப்பு எரியும் ஒரு எருமை. எனக்கு ஒரு நத்தை. நீ கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு எருமையோடு எருமையாகக் கத்துவாய். கீழே துணி மடித்துக்கொண்டிருக்கும் உன் தங்கை கவிதா, "ரெண்டு பேருக்கும் வேற எதுனா வேலை கீதா, இல்லியா?" என்று குரல் கொடுப்பாள்.

எருமையின் பெரிய தாக்குதலுக்கு விளையாட்டில் நீளமான ஆங்கிலப் பெயர் ஒன்று உண்டு. நீதான் அதற்குச் சூளை என்று பெயர் வைத்தாய். யாராவது கேட்டால், "ஒரே அடி, எதிர்ல கீற ரெண்டும் கரி" என்பாய். அதோடு நிறுத்திக்கொள்வாய். மீதியை நான்தான் சொல்ல வேண்டும். சூளை அடித்ததும் எருமைக்கு மூச்சு வாங்கும், அடுத்த சுற்று முழுக்க மண்டிபோட்டுக் கிடக்கும், அப்போது அதன்மேல் விழும் அடி இரட்டிப்பாக விழும். அந்த ஒரு சுற்றுக்கு யாராவது குறுக்கே நிற்க வேண்டும். என் நத்தை ஓட்டை விரித்துக் கவசம் போட்டு, உனக்கு வர வேண்டிய அடியைத் தான் வாங்கிக்கொள்ளும். நீ எத்தனை ஆட்டம் ஜெயித்தாயோ அத்தனை ஆட்டத்திலும் என் நத்தை செத்துப் பிழைத்திருக்கிறது.

ஒருநாள் கேட்டேன், "மச்சான், கொஞ்சம் சின்ன அடியாப் பார்த்து அடிக்கக் கூடாதா?" என்று. நீ திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாய்: "எதுக்கு? அதான் நீங்க கீறீங்களே மாப்ள."

இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை முறை கேட்டிருப்பேன்! வீட்டிலும் இதேதான். மின்சார ஆபீசில் நீ சத்தம் போட்டுவிட்டு வருவாய், மறுநாள் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது நான். உறவுக்காரர் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாரை ஒரு பிடி பிடித்துவிட்டு நீ பந்திக்குப் போய்விடுவாய், அவர்கள் பின்னாலேயே பஸ் வரைக்கும் நடந்து சமாதானம் சொல்வது நான். கத்தின மறுநாள் உனக்குத் தலை வலிக்கும். மின்விசிறியை வேகமாக வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாய்.

பக்கத்து வீட்டு சார் விஷயத்துக்கு வருகிறேன். அந்த வெள்ளத்துக்குப் பிறகு நம் தெருவில் ஆளாளுக்கு வாசலை உயர்த்தினார்கள். ஒருவர் உயர்த்தினால் அடுத்த வீட்டுக்குள் தண்ணீர் வரும், பிறகு அவரும் உயர்த்துவார். சார் ஒன்றரை அடி உயர்த்தினார். அடுத்த மழையில் தண்ணீர் நம் வண்டி நிறுத்தும் இடத்துக்கு வந்தது. மாடி வீட்டில் குடியிருந்த நீ இறங்கி வந்தாய். "யோவ், உன் வூட்டு வாசல் ஒசந்தா நான் இன்னா படகு வாங்கணுமா?" என்று கேட்டாய். தெருவே சிரித்தது, நானும் சிரித்தேன். அங்கே நிறுத்தியிருக்கலாம். நீ நிறுத்தவில்லை. "உன் மருமவ ஏன் வூட்டை வுட்டுப் போனான்னு இப்பதான் தெரியுது" என்றாய். அந்த மனிதர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் காலை அவருடைய மகன் இரண்டு நண்பர்களோடு வந்தான். உனக்குத் தலை வலித்துக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி நின்ற என் மகளின் கண் முன்னால் அவன் என் சட்டைக் காலரைப் பிடித்தான். ஒரு பொத்தான் தெறித்துச் சாக்கடையில் விழுந்தது. நான் சொல்லாத வார்த்தைக்கு நான் மன்னிப்புக் கேட்டேன், மூன்று முறை கேட்டேன். அவன் கையை எடுத்த பிறகு மேலே நிமிர்ந்து பார்த்தேன். மாடி கிரில்லுக்குப் பின்னால் நீ நின்றிருந்தாய்.

அவர்கள் போனதும் இறங்கி வந்து டீ கேட்டாய். "நான் எறங்கியிருந்தா மேட்டர் இன்னும் பெருசாயிருக்கும். அதான் நீங்க கீறீங்களே மாப்ள" என்றாய். கவிதா வேறு பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள், தலையைத் தூக்கவே இல்லை. என் மகள் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. அப்பா ஏன் திருப்பி ஒன்றும் சொல்லவில்லை என்று அவள் அம்மாவிடம் கேட்டிருக்கிறாள். இது உனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள நீ கேட்கவும் இல்லை.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் போட்டி. மேற்குத் தாம்பரத்தில் கல்யாண மண்டபத்தின் கீழ்த்தளத்தில் வைத்திருந்தார்கள். அங்கே ஜெயிக்கும் ஜோடி அடுத்த கட்டத்துக்கு பெங்களூரு போகலாம். நீ அதற்காகப் புதுச் சட்டையே எடுத்திருந்தாய். ரயிலில் ஜன்னல் சீட்டு உனக்குத்தான் என்று ஒரு வாரம் முன்னாலேயே சொல்லிவிட்டாய். வந்திருந்ததில் நாம்தான் வயசாளிகள். கவிதா எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நாம் ஒவ்வொரு ஆட்டமாக ஜெயித்து, யாரும் எதிர்பார்க்காமல் இறுதி ஆட்டத்துக்கே வந்துவிட்டோம். எதிரே இரண்டு கல்லூரிப் பெண்கள்.

நீ சூளை அடித்தாய். ஒரு மிருகம் விழுந்தது, இன்னொன்று பாதி உயிரோடு நின்றது. எருமை மண்டிபோட்டது. அடுத்த சுற்றுக்கு முடிவு செய்ய எனக்கு இருபது விநாடி. கட்டைவிரல் வழக்கம்போலக் கவசத்தின் மேல் போய் நின்றது. அப்போது நீ திரையைக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற யாரோ ஒருவர், "அண்ணா, எருமை மாட்டிக்கிச்சே" என்றார். நீ அவர் பக்கம் திரும்பிச் சிரித்து, "அதான் மாப்ள கீறாரே" என்றாய்.

எனக்குக் காலர் இறுகியது. விரலை நகர்த்தி, அதுவரை ஒரு ஆட்டத்திலும் தொடாத 'காத்திரு' என்ற பொத்தானை அழுத்தினேன். நத்தை சும்மா உட்கார்ந்திருந்தது. எருமை விழுந்தது. அதற்குப் பிறகு என் நத்தை ஒற்றையாக எத்தனை நேரம் தாங்கும்? இரண்டே சுற்றில் கதை முடிந்தது. அந்தப் பெண்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தார்கள்.

"இன்னா ஆச்சு மாப்ள?"

"நெட் போயிடுச்சு மச்சான்."

நீ என் முகத்தையே பார்த்தாய். எனக்குத்தான் அடுத்த சூளை என்று நினைத்தேன், வரட்டும் என்றுகூட இருந்தது. நீ திரும்பி, போட்டி நடத்தியவர்களைப் பிடித்துக்கொண்டாய். "இன்னா நெட்டு வச்சிக்கீறீங்க? மாப்ளைக்கு நடுவுல புட்டுக்கிச்சு. பேஜார் பண்ணிட்டீங்களேப்பா!" என்று மண்டபம் அதிரக் கத்தினாய். பாவம், அவர்கள் உன்னிடம் மன்னிப்புக் கேட்டார்கள். நான் உன் சத்தத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகும் சாயங்காலமானால் மாடிக்கு வந்தாய். ஆனால் சூளையைத் தொடவில்லை. சின்னச் சின்ன நெருப்பாக ஊதிக்கொண்டிருந்தாய். ஏன் என்று கேட்டேன். "போர் அடிக்குது மாப்ள" என்றாய். தோற்ற பயத்தில் வாலைச் சுருட்டிக்கொண்டாய் என்று நினைத்து உள்ளுக்குள் சிரித்தேன். சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்லவில்லை. வெளியே நீ கத்துவது ஒரு துளியும் குறையவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு மாதம் போயிருக்கும். சிங்கப்பெருமாள் கோவிலில் இருக்கும் என் கம்பெனிக்குப் போன் வந்தது. இரும்புலியூரில் உன் ஹார்டுவேர் கடையில், பகல் பதினொரு மணிக்கு, நாற்காலியில் உட்கார்ந்த வாக்கில் போய்விட்டாய் என்றார்கள். யாரிடமாவது கத்திக்கொண்டிருந்தாரா என்று அந்த நேரத்தில்கூட எனக்குக் கேட்கத் தோன்றியது. இல்லையாம். பெயின்ட் டப்பா விலை கேட்டவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாயாம்.

காரியம் முடிந்த மறுநாள் கவிதா உன் கைப்பேசியைக் கொண்டுவந்து கொடுத்தாள். "இதுல அண்ணன் போட்டோ எல்லாம் கீது, எடுத்துக் குடுங்க" என்றாள். போட்டோக்களை எடுத்தேன். பிறகு கை சும்மா இருக்காமல் விளையாட்டைத் திறந்தேன். நீ சேமித்து வைத்திருந்தது ஒரே ஒரு ஆட்டம். மண்டபத்தில் தோற்றோமே, அந்த ஆட்டம். சேமிக்கும் ஆட்டத்துக்கு நாமே பெயர் வைக்கலாம் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். நீ வைத்திருந்த பெயர்: நெட் பிராப்ளம்.

போட்டுப் பார்த்தேன். படத்துக்குக் கீழே ஒவ்வொரு சுற்றிலும் யார் எதை அழுத்தினார்கள் என்று எழுத்தில் ஓடுகிறது. நெட் போயிருந்தால் 'பதில் வரவில்லை' என்று வந்திருக்கும். அந்தச் சுற்றில் 'நத்தை: காத்திருக்கத் தேர்ந்தது' என்று வந்தது. ஓரத்தில் இன்னொரு கணக்கு. அந்த ஆட்டத்தை நீ முப்பத்தொரு முறை பார்த்திருக்கிறாய்.

ஏன்டா சொல்லவில்லை? மின்சார ஆபீஸ்காரன்மேல் காட்டினாய், சம்பந்தி மேல் காட்டினாய், ஒரு பாவமும் அறியாத மருமகளை நடுத்தெருவில் இழுத்தாய். உலகத்தில் எதற்கும் அடங்காத வாய், இதற்கு மட்டும் ஏன் அடங்கியது? நாலு வார்த்தை திட்டியிருந்தால் நானும் காலரைப் பற்றி நாலு வார்த்தை கேட்டிருப்பேன். இரண்டு பேரும் கத்தித் தீர்த்திருப்போம். நீயோ ஒரு பெயரை வைத்து, மூடி, போய்ச் சேர்ந்துவிட்டாய். உன்மேல் எனக்கு இருந்த நியாயத்தையும் பிடுங்கிக்கொண்டு போனாய். அதற்காகவே உன்னை மன்னிக்க முடியவில்லை.

கவிதாவுக்கு இது தெரியாது. போன வாரம் சாப்பாடு போட்டுக்கொண்டே சொன்னாள்: "அண்ணன் சாவுற வரைக்கும் அதையே சொல்லிகினு இருந்துச்சுங்க. மாப்ளைக்கு மட்டும் நெட்டு போவலைன்னா நாங்க பெங்களூரு போயிருப்போம், மாப்ள மாதிரி ஒரு ஆள் கெடைக்காதுன்னு." நான் சாதத்தைப் பிசைந்துகொண்டே தலையாட்டினேன். ஒரு முறை, ஒரே ஒரு முறை நீ எனக்குக் குறுக்கே நின்றிருக்கிறாய். அதையும் எனக்குத் தெரியாமல் செய்திருக்கிறாய்.

இன்று வண்டியில் பெருங்களத்தூர் தாண்டி உட்கார இடம் கிடைத்தது. அப்டேட்டைப் போட்டு ஒரு ஆட்டம் தொடங்கினேன். முகம் தெரியாத யாரோ ஜோடியாகச் சேர்ந்தார், அவரிடமும் ஒரு நெருப்பு மிருகம். ஊரப்பாக்கம் வரும்போது அவர் சூளை அடித்தார். எதிரே ஒன்று விழுந்தது, இன்னொன்று கொஞ்சூண்டு உயிரோடு நின்றது. இனி யாரும் மண்டிபோட மாட்டார்கள், கவசம் வேண்டாம், நத்தை லேசாகத் தட்டினாலே ஜெயம். அரை மணி முன்னால்தான் அதைப் படித்து உன்னைத் திட்டியிருக்கிறேன். என் கட்டைவிரல் கவசத்தை அழுத்தியது.

அவருடைய அடுத்த அடி குறி தப்பியது. எதிரே நின்றது பிழைத்துக்கொண்டது, நாங்கள் தோற்றோம். கூட ஆடியவருக்குச் சரியான கோபம். "ஏன் ப்ரோ கவசம் போட்டீங்க? அப்டேட் பாக்கலையா?" என்று அனுப்பியிருந்தார். என்ன சொல்வது என்று கூடுவாஞ்சேரி வரைக்கும் யோசித்தேன். பிறகு அடித்து அனுப்பினேன்.

"சாரி ப்ரோ, நெட் பிராப்ளம்."