விதைத்தவன் நீ, அறுத்தவள் வீராயி

இன்று காலை எங்கள் வீட்டுப் பின்புறச் சாக்கடையில், அந்த லோங்காங்கில், சுகாதார ஆட்கள் கொசுவுக்கு எண்ணெய் தெளித்துவிட்டுப் போனார்கள். தேங்கிக் கிடந்த தண்ணீரின்மேல் அது வண்ணம் வண்ணமாகப் படர்ந்தது. நெடி அடுக்களைவரை வந்துவிட்டது. மருமகள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சன்னலைச் சாத்தப் போனாள். வேண்டாம், திறந்தே இருக்கட்டும் என்றேன். கிழவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டதென்று அவள் நினைத்திருப்பாள்.

உனக்கு இந்த நெடி ஆகவே ஆகாது. "சுடுகாட்டுல கூட இவ்வளவு நாத்தம் இல்லடா" என்பாய். உனக்குப் பிடித்ததெல்லாம் சாம்பிராணி.

நேற்று உன் கருமாதி. பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கிற பாதி ரயில்வே குடும்பங்கள் வந்திருந்தன. கிள்ளானிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டு, வெற்றிலையை மென்றபடி, எல்லாரும் ஒரே விஷயத்தைத்தான் பேசினார்கள்: மத்தியானச் சாப்பாடு முடித்து, சாய்வு நாற்காலியில் கண்ணை மூடியவன் அப்படியே போய்விட்டாயாம். நோய் இல்லை, நொடி இல்லை. "பூ உதிர்ற மாதிரி போயிட்டாரு. என்ன புண்ணியம் பண்ணாரோ!" என்றார் உன் பக்கத்து வீட்டுக்காரர். அவரைச் சுற்றி இருந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

நீ என்ன புண்ணியம் செய்தாய் என்பது எனக்குத் தெரியும். அந்தக் கூட்டத்தில் அது தெரிந்த ஆள் நான் ஒருவன்தான். பாயசத்தைக் குடித்துவிட்டு வந்தேன். அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

ஜெஞ்சாரோம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நீ பெரிய கிராணி, கணக்கும் ஆள் வேலையும் உன் பொறுப்பு. நான் அதே தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர். ஆஸ்பத்திரி என்பது பெரிய வார்த்தை. தகரம் வேய்ந்த ஒரு கொட்டகை, நாலைந்து கட்டில், ஒரு பானை நிறையக் கொய்னா மருந்து. தோட்டமோ சதுப்பு நிலம். நாம் வந்த புதிதில் கூலிகள் குடியிருந்த லயத்தில் குளிர்சுரம் இல்லாத வீடே கிடையாது. பிறகு கிள்ளானிலிருந்து ஒரு டாக்டர் வந்து பார்த்துவிட்டு, லயத்தைச் சுற்றி லோங்காங் வெட்டுங்கள், தண்ணீர் தேங்க விடாதீர்கள், வாராவாரம் எண்ணெய் ஊற்றுங்கள் என்று துரையிடம் சொல்லிவிட்டுப் போனார். துரையும் அதற்கென்று ஒரு கூட்டம் ஆட்களை ஒதுக்கினார். சுரம் குறைந்தது. என் கட்டில்கள் காலியாகக் கிடந்த காலம் ஒன்று இருந்தது என்றால் அதுதான்.

பிறகு துரை நீண்ட விடுப்பில் கப்பலேறினார். அவருக்குப் பதிலாக வந்தவர் பக்கத்துத் தோட்டத்திலிருந்து எப்போதாவது மோட்டார் சைக்கிளில் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். தோட்டம் உன் கையில் இருந்தது. கையில் கிடைத்த தோட்டத்தை வைத்து நீ செய்த முதல் காரியம், மேட்டில் இருந்த அம்மன் கொட்டகையைப் பிரித்துவிட்டுக் கல்லில் கோயில் எழுப்பத் தொடங்கியது. நல்ல காரியம்தான், யார் வேண்டாமென்றார்கள்? ஆனால் கல் சுமக்க ஆள் வேண்டும். பால் வெட்டுகிற ஆளை எடுத்தால் வரவு குறையும், துரை திரும்பி வந்தால் கேள்வி வரும். லோங்காங் ஆளை எடுத்தால் யாருக்குத் தெரியப் போகிறது? எடுத்தாய்.

மழைக்காலம் தொடங்கியதும் நான் உன் ஆபீசுக்கு வந்தேன். உனக்கு நினைவிருக்காது. உனக்கு இதெல்லாம் நினைவில் நின்றதே இல்லை.

"லயத்துக்குப் பின்னாடி லோங்காங் பூரா புல்லு மண்டிக் கெடக்குடா. தண்ணி நிக்குது. பழைய ஆளுங்கள அனுப்பு" என்றேன்.

"கும்பாபிஷேகம் முடியட்டும்டா. அம்மன் பாத்துக்குவா."

"அம்மன் கோயிலுக்குள்ள இருக்கா. கொசு லயத்துல இருக்கு."

நீ பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாய். பாடம் புரியாத மாணவனைப் பார்க்கிற சிரிப்பு. "விதி முடிஞ்சவன் கொசு கடிக்காமலும் சாவான். விதி இருக்கறவன கொசு என்ன பண்ணும்? அவங்கவங்க கொண்டு வந்த வினை. இடையில நீயும் நானும் யாரு?"

இடையில் நீதான் இருந்தாய். ஆள் எண்ணி வேலைக்கு அனுப்புகிற பெரட்டுக் களத்தில் யார் எங்கே போக வேண்டும் என்று ஒவ்வொரு விடியலிலும் விரலை நீட்டியது உன் கை.

வீராயியை உனக்குத் தெரியும். லோங்காங் ஆட்களில் ஒருவனான சடையனின் மனைவி. பால் வெட்டுக்காரி. இடுப்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று. அந்த மாரியில் முதலில் படுத்தவர்களில் அவளும் ஒருத்தி. புருஷன் மேட்டில் உன் கோயிலுக்குக் கல் சுமந்துகொண்டிருந்தான். இவள் கீழே என் கொட்டகையில் உடம்பு தூக்கிப் போட நடுங்கிக்கொண்டிருந்தாள். என்னிடம் இருந்த கம்பளிகளை எல்லாம் போர்த்தினேன். கொய்னாவைக் கரைத்து ஊற்றினேன், வாந்தியாக எடுத்தாள். குழந்தை வயிற்றிலேயே இறந்தது. மறுநாள் மத்தியானம், மரங்களில் வெட்டு முடிந்து ஆட்கள் பால் வாளியோடு திரும்பும் நேரத்தில், அவளும் போய்விட்டாள்.

நீ அடக்கத்துக்கு வந்தாய். வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. குழியோரம் நின்று, எல்லார் காதிலும் விழும்படி, "போன ஜென்மத்துல என்ன பண்ணாளோ, பாவம், வயித்துச் சுமையோட போயிட்டா" என்றாய். "பாவம்" என்ற சொல்லை நீ எவ்வளவு கனிவாகச் சொன்னாய்! கூட்டத்தில் பல பேர் கண்ணைத் துடைத்தார்கள். அந்த நிமிஷத்தில்தான் உன்மேல் எனக்கிருந்த மதிப்பு செத்தது. கொன்றவனைக்கூட ஓரளவு புரிந்துகொள்ளலாம். கொன்றுவிட்டு, செத்தவள்மேல் குற்றம் சாட்டி, அதையும் இரக்கம்போலச் சொல்கிறவனை என்ன செய்வது?

சடையன் குழிக்குள் மண்ணைத் தள்ளிவிட்டுக் கையைக் கழுவினான். அடுத்த நாள் பெரட்டில் நீ அவனைக் கோயில் பக்கம் கைகாட்டினாய். அவன் மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எதிர்த் திசையில் நடந்தான்.

"டேய், எங்க போற?"

"லோங்காங் வெட்டப் போறேங்க."

"கோயில் வேலன்னு சொன்னேன்ல?"

"எம் புள்ள லயத்துல இருக்குதுங்க" என்றான். குரலை உயர்த்தக்கூட இல்லை. போய் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிப் புல்லை அறுத்துப் போடத் தொடங்கினான்.

களத்தில் அத்தனை பேரும் உன்னைப் பார்த்தார்கள். உன் முகம் சிவந்தது. சாயங்காலம் ஆவதற்குள் சீட்டுக் கிழித்து அனுப்பிவிட்டாய், கிராணி சொல் கேட்காதவனுக்குத் தோட்டத்தில் இடமில்லை என்று. அவன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, ஒரு தகரப் பெட்டியோடு போனான். பிறகு கிள்ளான் துறைமுகத்தில் மூட்டை தூக்குவதாகவும், பண்டமாரான் பக்கம் குடியிருப்பதாகவும் கேள்விப்பட்டேன். அதையும் நீ அவன் வினை என்றுதான் சொன்னாய். உன் வாயில் வினை என்ற சொல்லுக்கு எப்போதும் அடுத்தவன் முகவரிதான்.

கும்பாபிஷேகம் தடபுடலாக நடந்தது. உன் பெயரைக் கல்லில் வெட்டி வாசலில் பதித்தார்கள். மேளம் ஓய்ந்து அதிக நாள் ஆகவில்லை. ஒரு காலையில் நீ சட்டைகூட இல்லாமல் என் வாசலில் நின்றாய்.

"பாக்கியத்துக்குக் குளிருதுடா. தூக்கித் தூக்கிப் போடுது. வாடா, சீக்கிரம் வா!"

உன் ஒரே மகள். உன் வீடும் அதே சதுப்பின் ஓரத்தில்தான் இருந்தது. கிராணி வீடென்று கொசு வழிவிட்டுப் போகவில்லை. உன்னோடு ஓடி வந்தேன். குழந்தைக்கு மருந்து கொடுத்தேன். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும் என்றேன். நீ கடை முதலாளியான சீனத் தவுக்கேயிடம் ஓடி, காலில் விழாத குறையாகக் கெஞ்சி, அவர் மோட்டார் காரை வாங்கி வந்தாய். கிள்ளான் போகும்வரை பாக்கியம் என் மடியில் கிடந்தாள். வழி நெடுக நீ சாரதியிடம் "லெக்காஸ், லெக்காஸ்" என்று மலாயில் அவசரப்படுத்திக் கத்தினாய். ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாய்.

அன்று முழுக்க உன் வாயிலிருந்து வினை என்ற சொல் வரவில்லை. விதி வரவில்லை. போன ஜென்மம் வரவில்லை. உன் குழந்தை போன ஜென்மத்தில் என்ன செய்தாள் என்று நீ கேட்கவே இல்லை. தகப்பன் கேட்க மாட்டான். வீராயிக்கும் ஒரு தகப்பன் இருந்திருப்பான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். வெறுப்பதென்று உட்கார்ந்தபின் உன்னோடு நிறுத்துவானேன்? அன்று கிள்ளான் கிளம்புவதற்கு முன், மருந்தெடுக்க லயத்து வழியாகத் திரும்பி வந்தபோது ஒரு பெண் என்னை நிறுத்தினாள். "வீராயி வயிறெரிஞ்சு போனது சும்மா விடுமா? அந்தப் புள்ளய எடுத்துட்டுத்தான் அடங்கும், பாருங்க" என்றாள். அவள் கண்ணில் ஒரு திருப்தி. "அந்தப் புள்ள யாருக்கு என்ன பண்ணுச்சு? வாய மூடிட்டுப் போ" என்று கத்தினேன். உன்னிடம் கற்ற பாடத்தைத்தான் அவள் உன் பக்கமே திருப்பினாள். உன் வீட்டுக் குழந்தையைச் சாகடித்துத் தன் நியாயத்தைச் சரிக்கட்டுகிற தெய்வம் உன் தெய்வத்தைவிட எந்த விதத்தில் மேல்?

பாக்கியம் பிழைத்தாள். மறு வாரமே லோங்காங் ஆட்கள் பழைய வேலைக்குத் திரும்பினார்கள். முதலில் உன் வீட்டைச் சுற்றி, அப்புறம் லயம். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், "தப்புப் பண்ணிட்டேன்டா" என்று ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால், நான் உன்னை மன்னித்திருப்பேன். நீயோ வெள்ளிக்கிழமை பூசையில் கூட்டத்தின் முன்னால் கண்ணீர் மல்க நின்று, "அம்மாளுக்கு நான் செஞ்சது வீண் போகல. எம் புள்ளயத் திருப்பிக் குடுத்துட்டா" என்றாய்.

கூட்டம் கலைந்ததும் உன்னைத் தூணருகே நிறுத்தினேன். "அப்ப வீராயி?"

"அது அவ வினைடா. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பாத."

மாதம் முடிந்ததும் வேலையை விட்டுவிட்டுக் கோலாலம்பூர் வந்தேன்.

வருஷங்கள் கழித்து நீயும் ஓய்வு பெற்று, என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு கட்டிக்கொண்டு வந்தாய். பழைய சினேகிதன் என்று தேடியும் வந்தாய். ரப்பர் விலை விழுந்து, தோட்டங்களில் வேலையற்ற சனங்களைப் பெட்டி படுக்கையோடு கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பினார்களே, அப்போது நாம் ரயில் நிலையத்தின் எதிரே நின்றிருந்தோம். பிள்ளைகளும் கிழவிகளுமாகத் தரையில் உட்கார்ந்திருந்த கூட்டத்தைப் பார்த்து நீ நாக்கைச் சப்புக்கொட்டினாய். "குடுத்து வச்சது அவ்வளவுதான்" என்றாய். உன் கையில் வாழைப்பழச் சீப்பு ஒன்று இருந்தது. அதிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்து அங்கிருந்த ஒரு குழந்தைக்குக் கொடுக்க உனக்குத் தோன்றவில்லை. கொடுத்தால் அவர்கள் வினையில் நீ குறுக்கிட்டதாகிவிடும் போலும்.

உனக்கு ஒரு தண்டனையும் வரவில்லை. தூக்கம் கெட்டதில்லை, பேதி கண்டதில்லை, பேரப்பிள்ளைகள் சூழ வாழ்ந்தாய், சாய்வு நாற்காலியில் போனாய். இதைப் பார்த்து வினை என்று ஒன்று இல்லவே இல்லை என்று சிலர் சொல்லக்கூடும். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். செயலுக்குப் பலன் உண்டு, தப்பாமல் உண்டு. ஆனால் விதைத்தவன் நீ, அறுத்தவள் வீராயி. செய்தவனைத் தேடி அது வருவதில்லை. தண்ணீர்போலப் பள்ளத்தைத் தேடி ஓடுகிறது. பள்ளத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்த்து நடக்க வேண்டியது மேட்டில் இருப்பவன் வேலை. என் நம்பிக்கை இவ்வளவுதான். இதற்குக் கோயில் வேண்டாம்.

நேற்று பந்தி முடிந்ததும் பாக்கியம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. "சித்தப்பா, அப்பாவப் பத்தி நீங்க நாலு வார்த்த பேசுங்களேன். ஒங்களத் தவிர யாருக்கு அவரத் தெரியும்?" என்றாள். எழுந்து நின்றேன். "ரெண்டு பேரும் ஒரே கப்பல்ல வந்தோம்" என்றேன். அதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை. துக்கத்தில் தொண்டை அடைத்துவிட்டதென்று என்னைக் கைத்தாங்கலாக உட்கார வைத்தார்கள்.

தொண்டை அடைக்கவில்லை. அந்தக் கப்பலில் பேதி கண்டு நான் கிடந்தபோது, மற்றவர்கள் எல்லாம் விலகி ஓட, நீ ஒருவன் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு கஞ்சித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றியது நினைவுக்கு வந்துவிட்டது. அப்போது உனக்கு மீசை சரியாக முளைக்கவில்லை. கர்மாவும் தெரியாது. நீ ஊற்றாமல் இருந்திருந்தால் என்னைக் கடலில் தள்ளியிருப்பார்கள். பாக்கியத்துக்குக் கொய்னா கொடுக்க அன்று அந்தத் தோட்டத்தில் ஆள் இருந்திருக்காது. இது எனக்குத் தோன்றாமல் இல்லை. உன்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால், "பாத்தியா, நான் சொல்லல?" என்று தொடையைத் தட்டிச் சிரித்திருப்பாய்.

சிரிக்காதே. தோட்டத்துக்குப் போன புதிதில் எனக்கும் சுரம் வந்தது. யாரென்று தெரியாத எனக்கு லயத்திலிருந்து ஒருத்தி மூன்று வேளையும் கஞ்சி கொண்டு வந்து வைத்தாள். தம்பி, குடிங்க, ஆறிப்போவுது என்று பிடிவாதமாக நின்று குடிக்க வைத்துவிட்டுத்தான் போவாள். அவள் பெயர் வீராயி. நீ கொடுத்த கஞ்சிக்கு உன் மகள் பிழைத்தாள். அவள் கொடுத்த கஞ்சிக்கு நான் கம்பளி போர்த்தினேன், அவ்வளவுதான் முடிந்தது. அது ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. தெரிந்தவன்போல நீ பேசினாய். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.