ஒட்டினதுதான் சட்டம்

ஜூன் 3, செவ்வாய்

இன்று மட்டும் பதினெட்டுத் திருத்தச் சீட்டுகள். மாநில அரசுக்குக் கை சும்மா இருக்காது போலிருக்கிறது. தத்தெடுப்பு விதிகளில் ‘தாயும் தந்தையும்’ போய் ‘பெற்றோரில் எவரும்’ வந்திருக்கிறது. கடை ஊழியர் சட்டத்தில், நின்றுகொண்டே வேலை பார்ப்பவர்களுக்கு நாற்காலி தர வேண்டும் என்று புதுப் பிரிவு. முதியோர் பராமரிப்புச் சட்டத்தில் ‘பிள்ளைகள்’ என்ற சொல்லுக்குப் பின் ‘மருமக்கள்’ சேர்க்க வேண்டும். மோட்டார் விபத்து, பத்திரப் பதிவு, வாடகை என்று மீதி. அரசு அச்சகத்திலிருந்து தாள் வரும். நான் கத்தரித்துப் பழைய பிரிவின் மேல் ஒட்டுவேன். இருபத்திரண்டு வருடமாக இதுதான். வக்கீல்கள் சங்க நூலகத்தில் நூலகர் என்று பெயர், கூப்பிடுவது ‘பசை சார்’ என்று. பசையுள்ள ஆள் என்றால் மற்றவர்களுக்கு வேறு அர்த்தம். என் பசை விரலோடு சரி.

வாடகைச் சட்டத்துச் சீட்டுதான் படுத்தி எடுத்தது. பிரிவு 23: மேல்முறையீடு செய்ய ‘முப்பது நாட்கள்’ என்பது இனி ‘அறுபது நாட்கள்’. சீட்டு பக்கத்தை விட நீளம். அடியில் பொடி எழுத்தில் இரண்டு வரி. அச்சகத்துக்காரர்கள் வழக்கமாகப் போடும் எண்ணும் தேதியுமாகத்தான் இருக்கும். நறுக்கிவிட்டு ஒட்டினேன். கச்சிதமாக உட்கார்ந்தது.

வீட்டுக்கு வந்து மருமக்கள் சங்கதியை அக்காவிடம் சொன்னேன். மகன் வீட்டில் ஒத்துவராமல் அவள் என்னோடு வந்து நான்கு வருடம் ஆகிறது. “சட்டம் போட்டா போதுமா தம்பி, மருமக போனை எடுக்கணுமே” என்றாள்.

ஜூன் 4, புதன்

முதுகு வலி. எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 19, வியாழன்

மத்தியானம் சின்ன வக்கீலம்மா வந்தார். தனியாகத் தொழில் தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது. சொந்தமாக வாங்கிய புத்தகம் நான்கைந்துதான். மீதிக்கு நூலகமே கதி. மே 27ஆம் தேதி ஒரு தையல்கார அம்மாவைக் கடையைக் காலி செய்யச் சொல்லித் தீர்ப்பாகியிருக்கிறது. மேல்முறையீடு போட வேண்டும். தீர்ப்பின் நகலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்.

“சார், போன்ல பாத்தா முப்பது நாள்னு இருக்கு. உங்க புத்தகத்துல அறுபதுன்னு ஒட்டியிருக்கு. எது சரி?”

எனக்குச் சுருக்கென்றது. என் புத்தகத்தைப் போனோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்களாம். “அரசாங்க இணையதளம் ஆமை மாதிரி வரும்மா. நான் ஒட்டினதுதான் சட்டம்” என்றேன்.

சிரித்தார். நன்றி சொல்லிவிட்டுப் போனார். இத்தனை வருடத்தில் யாராவது நம்மிடம் எது சரி என்று கேட்டால் ஒரு தெம்பு வரத்தான் செய்கிறது.

ஜூலை 10, வியாழன்

நகல் வந்து மேல்முறையீடு போட்டாயிற்றாம். வராந்தாவில் இருந்தே கட்டை விரலை உயர்த்திக் காட்டினார் வக்கீலம்மா.

ஜூலை 14, திங்கள்

மனுவைத் திருப்பிவிட்டார்கள். பதினான்கு நாள் தாமதம் என்று.

வக்கீலம்மா சத்தம் போடவில்லை. மேசைக்கு எதிரே உட்கார்ந்து, “முப்பது நாள்தான்னு சொல்றாங்க சார்” என்றார். அவ்வளவுதான். நான் எழுந்து நீதிமன்ற நூலகத்துக்கு ஓடினேன். அங்கே அதே தாளை வெட்டாமல் கோப்பில் வைத்திருக்கிறார்கள். அடியில் அந்த இரண்டு வரி: ‘இத்திருத்தம், அரசு அறிவிக்கை மூலம் குறிப்பிடும் நாளில் அமலுக்கு வரும்.’

அறிவிக்கை இன்னும் வரவில்லை. சட்டம் நிறைவேறிவிட்டது, அமலுக்கு வரவில்லை. பழைய முப்பதுதான் இன்றைக்கும் சட்டம். நான் நறுக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டது அந்த வரியை.

என்ன பண்ணி வச்சிருக்கேன் நான்? அந்தப் பொண்ணு கேட்டாளே. வாய் திறந்து எது சரின்னு கேட்டாளே. போய் ஒரு நிமிஷம் பாத்திருந்தா என்ன கொறஞ்சு போயிருக்கும் — அப்பகூட ஒரு வாரம் மிச்சம் இருந்தது.

அக்கா சாப்பிடக் கூப்பிட்டாள். பசியில்லை என்றேன்.

ஜூலை 15, செவ்வாய்

தாமதத்தை மன்னிக்கக் கேட்டு வக்கீலம்மா தனி மனு போடப் போகிறார். நூலகப் புத்தகத்தைப் பார்த்து ஏமாந்தோம் என்பதுதான் காரணம். அதற்குப் புத்தகத்தை நீதிமன்றத்தில் காட்ட வேண்டும். ஒட்டியது நான்தான் என்று நான் பிரமாணப் பத்திரம் தர வேண்டும். இல்லாவிட்டால் இந்த மாத முடிவில் தையல்கார அம்மா கடையைப் பூட்டிச் சாவி கொடுத்தாக வேண்டும்.

சாயங்காலம் சங்கச் செயலாளர் கூப்பிட்டார். டீ வரவழைத்தார். “சங்கத்து பேரு கோர்ட்ல அடிபடறது நல்லாவா இருக்கும்? ஈரத்துணி வச்சா சீட்டு வந்துடும். அப்புறம் அந்தம்மா என்ன காட்டுவாங்க?” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “உங்க ஒப்பந்தம் வேற இந்த மாசத்தோட முடியுது இல்ல?” என்றார்.

மிரட்டலே இல்லை. டீ நன்றாகத்தான் இருந்தது. பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

ஜூலை 16, புதன்

தையல்கார அம்மாவே வந்துவிட்டார். கழுத்தில் அளவு நாடாவைக் கழற்ற மறந்து வந்திருக்கிறார். திட்டப் போகிறார் என்று தயாராக இருந்தேன். “அந்தப் புத்தகத்த நான் பாக்கலாமா சார்?” என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். பத்தொன்பது வருடக் கடையாம். வேறு தெருவில் இடம் கிடைக்காதா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“கிடைக்கும் சார். ஆனா யாரும் என்னைத் தேடி வரல, பஸ் ஸ்டாப்புக்கு வராங்க. பஸ் வர லேட்டானா கடைக்குள்ள எட்டிப் பாக்கறாங்க. அடுத்த தெருன்னா யாரு வருவா?” தன்னைப் பற்றி இப்படி ஒரு பூச்சும் இல்லாமல் பேசுகிறவரை நீதிமன்ற வளாகத்தில் நான் பார்த்ததில்லை.

பிறகு சீட்டின் ஓரத்தை விரலால் தடவினார். “நல்லா நேரா வெட்டியிருக்கீங்க. ஆனா ஓரமே விடலையே. நாங்க ஓரம் விட்டுத்தான் சார் வெட்டுவோம். நாளைக்குப் பிரிச்சுத் தைக்கத் துணி வேணும்ல.”

சும்மா தொழில் பேச்சாகத்தான் சொன்னார். எனக்குத் தலை நிமிரவில்லை.

ஜூலை 17, வியாழன்

எழுதியே ஆக வேண்டும். மத்தியானம் நூலகம் காலியாக இருந்தபோது ஈரத்துணி வைத்தேன்.

வைத்தேன். யாரும் கையைப் பிடித்து வைக்கவில்லை. கடைசிப் பதினோரு வருடமாக வேலை ஆண்டுக்கு ஒரு முறை ஒப்பந்தத்தில்தான். ஐம்பத்தெட்டு வயதில் எந்த வாசலில் போய் நிற்பது? அக்காவின் மருந்து வேறு. இதையெல்லாம் நினைத்துக்கொண்டே துணியை எடுத்தேன். ஒரு முனை கிளம்பி வந்தது. அடியில் ‘முப்பது’ அப்படியே, ஒரு எழுத்துக் கலையாமல். இத்தனை நாளும் அது என் பசைக்கு அடியில் உயிரோடுதான் இருந்திருக்கிறது.

பெரிய நியாயவான் என்றெல்லாம் இல்லை. அந்த அம்மா ஓரத்தைத் தடவியது ஞாபகம் வந்தது. இதையும் பிய்த்துவிட்டால் பிரித்துத் தைக்க அவருக்கு எதுவுமே மிஞ்சாது. முனையை அழுத்தி ஒட்டினேன். மேலே இரண்டு தடித்த தீர்ப்புத் தொகுப்புகளை வைத்துவிட்டு வந்தேன்.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஈரத்துணியையும் மறைக்கவில்லை. கேட்டுக்கொண்டே எனக்குச் சோறு போட்டாள். பிறகு, “நீ சின்ன வயசுல மார்க் ஷீட்ல அப்பா கையெழுத்தப் போட்டுட்டு நீயே போய் அவர்கிட்ட சொன்ன. ரெண்டு வேலையும் உனக்கு எதுக்குடா?” என்றாள். சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

ஜூலை 18, வெள்ளி

கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். செயலாளர் எதிரே வந்தார். போனைப் பார்த்துக்கொண்டே கடந்து போனார்.

ஜூலை 28, திங்கள்

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் இருக்கிறேன். கூண்டில் ஏறியது இன்றுதான்.

எதிர்த்தரப்பு வக்கீல், “ஒரு வக்கீல் அரசிதழைப் பாக்காம ஒட்டின சீட்ட நம்பலாமா?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நீதிபதி புத்தகத்தை வாங்கிச் சீட்டின் கிளம்பிய முனையைப் பார்த்தார். ஈரக்கறை காய்ந்து மஞ்சளாக இருந்தது.

“இது என்ன?”

“உரிக்கப் பாத்தேங்க.”

“ஏன் உரிக்கல?”

“முடியலீங்க” என்றேன். அவர் பசையைச் சொன்னதாக எடுத்துக்கொண்டாரோ என்னவோ. ஏதோ எழுதிக்கொண்டார்.

“இந்தச் சங்கத்துல எல்லாரும் இதத்தான் பாக்கறாங்களா?” என்று கேட்டார். “போன் இருக்கறவங்க பாக்கறதில்லீங்க. என்கிட்ட கேட்டுட்டுப் போறவங்கதான் பாப்பாங்க” என்றேன்.

தாமதம் மன்னிக்கப்பட்டது. மேல்முறையீட்டை ஏற்றுக்கொண்டார்கள். அது முடியும் வரை கடையைக் காலி செய்ய வேண்டாம் என்று இடைக்கால உத்தரவு. தையல்கார அம்மா வெளியே வந்து, “பஸ் வந்துடும் சார், கடைல ஆளில்ல” என்று வேகமாக நடந்தார். புத்தகம் சான்றாவணமாக நீதிமன்றத்திலேயே தங்கிவிட்டது.

ஜூலை 29, செவ்வாய்

சங்கத்திலிருந்து கடிதம். நூலகம் இணையச் சந்தாவுக்கு மாறுவதால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க இயலவில்லையாம், ஜூலை 31 மாலை முதல். இதில் மட்டும் அமலுக்கு வரும் நாளைத் தெளிவாகப் போட்டிருக்கிறார்கள்.

அக்கா படித்தாள். “அவங்க போட்டா உடனே அமலுக்கு வந்துடுது” என்றாள்.

ஜூலை 31, வியாழன்

கடைசி நாள் என்பதால் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தபாலில் அச்சகத்துத் தாள் வந்தது. வாடகைத் திருத்தச் சட்டம் ஆகஸ்ட் 1 முதல் அமலுக்கு வருகிறது. அறுபது நாட்கள். நாளை முதல் அதுதான் சட்டம். நாளை முதல் நான் இங்கே இல்லை.

நூலகத்தில் மிச்சமிருந்த, அதே புத்தகத்தின் இரண்டாவது பிரதியை எடுத்தேன். புதுச் சீட்டும் பழையபடியே நீளம், அமலாகும் தேதி அடியில் பொடி எழுத்தில், பக்கத்துக்குள் அடங்காது. கத்தரிக்கோலை அடி வரிக்கும் கீழே கொண்டுபோய் ஓரம் விட்டு வெட்டினேன். நீண்டு நின்றதை உள்பக்கமாக மடித்தேன், மடிப்பில் மட்டும் பசை படாமல்.

மாலை வக்கீலம்மா வந்தார். ஏதோ சொல்ல வந்தவர் புத்தகம் திறந்திருப்பதைப் பார்த்தார்.

“இது அமலுக்கு வந்துடுச்சா சார்?”

“நாளையில இருந்து. ஆனா நான் சொன்னேன்னு எடுத்துக்காதீங்கம்மா. மடிப்ப விரிச்சுப் பாருங்க.”

விரித்தார். பொடி எழுத்தைக் குனிந்து படித்தார். பிறகு இருந்தபடியே மடித்து வைத்தார்.