கம்பியைக் கடித்த நாய்

நவம்பர் 10, திங்கள்
விடிந்ததிலிருந்து மழை. நெட் இல்லை. போனைத் தூக்கினால் இரைச்சல்கூட இல்லை, செத்துக் கிடக்கிறது. நெட் வருவதும் அந்தப் போன் கம்பியில்தான், இந்த மலையில் செல்போன் எடுக்காது.

நல்ல நேரம் பார்த்துத்தான் சாகிறது. கண்டி அக்கா தெருநாய்களை எடுத்துவந்து, வீடு கிடைக்கும்வரை என்னைப் போன்றவர்களிடம் விடுகிறவர். இப்போது என்னிடம் இரண்டு: கறுப்பி, அதன் குட்டி சீனி. சீனிக்கு முன்கால் ஊனம். யாருமே கேட்கவில்லை. இப்போதுதான் கொழும்பில் ஒரு குடும்பம் கேட்டு மெயில் போட்டிருக்கிறது. ஞாயிறுக்குள் பதில் வேண்டுமாம், இல்லாவிட்டால் வேறு குட்டி. அக்கா இந்தியாவில். கொழும்புக்காரரின் முகவரி மெயிலுக்குள்.

செய்ய: தொலைபேசி ஆபீசில் சொல்வது. சீனிக்குப் பூச்சி மருந்து. எட்டாம் வகுப்புக் கொப்பிகள் திருத்துவது. கொடிக்கயிறு தொங்குகிறது, ஈரச்சேலை தரையைக் கூட்டுகிறது.

நவ. 12, புதன்
மழை. லைன்மேன் பண்டார வந்தார். கம்பி கூரை ஓரத்தில் அறுந்திருக்கிறது. இணைத்துவிட்டு, "டீச்சர், வயர் பத்தல. கொஞ்சம் சேத்துப் போட்டது" என்றார். பத்து வருடமாகப் பத்திய கம்பி!

ஸ்கூலிலிருந்து வந்து பதில் எழுதலாமென்று போனேன். பகலிலேயே கம்பி மறுபடி அறுந்துவிட்டிருந்தது. என் வீட்டுக்காரர் தேயிலைப் பெக்டரியிலிருந்து வந்தபோது சீனி வாயில் கம்பித் துண்டு.

"பாத்தியா, ஒன் செல்லம் பண்ற வேலைய. மண்மேட்டுல ஏறி நின்னு கடிக்குது."

பின்பக்க மேட்டில் ஏறினால் எட்டும்தான். சீனிக்கு ஒரு அடி வைத்தேன். இப்போது மனசு கேட்கவில்லை.

கொடிக்கயிறு இன்று நன்றாக இழுத்துக் கட்டியிருக்கிறது. சொல்லாமலே இவர் ஒரு வேலை செய்திருக்கிறார். அதனால்தான் மழை.

நவ. 13, வியாழன்
பின்கதவு சாத்த வரமாட்டேன் என்கிறது. தரையில் உரசுகிறது. இவர்: "மழைக்கு மரம் ஊறிருக்கும்."

கறுப்பி உள்ளே வரவில்லை. சோறு வைத்துக் கூப்பிட்டும் ரோட்டில், மழையில், வீட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை இது.

எங்களுக்குக் கீழே உள்ள லயத்திலிருந்து, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளிலிருந்து, வள்ளி வந்தாள்.

"டீச்சர், நம்ம ஊத்துப் பீலியில தண்ணி செவப்பா வருதுங்க. புள்ளைங்களுக்கு எப்படிக் குடுக்கிறது? தோட்டத்துக் கண்டாக்கு ஐயாகிட்ட சொன்னா, மழைன்னா அப்படித்தான்னு போயிட்டாரு."

ஒரு வாளி தண்ணீர் கொடுத்தேன்.

கொப்பிகள் பாதி முடிந்தன. பூச்சி மருந்து மறந்தாயிற்று.

நவ. 14, வெள்ளி
பண்டார திரும்ப வந்து இன்னொரு துண்டு சேர்த்தார். நெட் நாளைக் காலைதான் வருமாம். கம்பித் தூணையும் வீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

இவர் சீனியை விறகு அறையில் கட்டிவிட்டார். நான் தடுக்கவில்லை. ஒருநாள் கட்டுண்டு கிடந்தால் பதில் போய்விடும், நல்ல வீடு கிடைக்கும் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கதவுக்குப் பின்னால் முனகிக்கொண்டே இருக்கிறது.

நவ. 15, சனி
பள்ளிக்கூட மண்டபத்தில் இருந்து எழுதுகிறேன். ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன்.

காலை எட்டு மணிக்கு நெட் கிடைத்தது. 'சீனி சமர்த்து, ஒன்றையும் கடிக்காது' என்று பொய் எழுதிக்கொண்டிருந்தேன். அனுப்புவதற்குள் அறுந்துவிட்டது. சீனி கட்டுண்டு கிடக்கிறது. பிறகு யார் கடித்தது?

வெளியே போனேன். கொடிக்கயிறு விறைத்து நிற்கிறது, சேலை போட்டும் தாழவில்லை.

"எதுக்குங்க கொடிய இம்புட்டு இழுத்துக் கட்டுனீங்க?"

"நான் எங்க கட்டுனேன்? நீன்னுல்ல நெனச்சேன்."

இரண்டு பேரும் கட்டவில்லை. கயிற்றின் ஒரு நுனி வீட்டில், மறு நுனி மேட்டிலுள்ள பேரா மரத்தில். அதற்கு மேலேதான் தொலைபேசித் தூண். மரத்துக்கும் வீட்டுக்கும் நடுவே புல்லை விலக்கிப் பார்த்தேன். நிலத்தில் வெடிப்பு, என் கை நுழைந்தது. கம்பி குட்டையாகவில்லை. வீடு கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. கீழே லயம், பத்து வீடு.

மண் சரியப்போகிறது என்று சொல்ல நான் லயத்துக்கு ஓடினேன். இவர் சாமான் எடுக்க உள்ளே போனார். கேட்டவர்கள் சிரித்தார்கள். வள்ளிதான் முதலில் பிள்ளைகளைத் தூக்கினாள், பிறகு எல்லாரும். பத்து வீடும் இங்கே வந்தாயிற்று, எண்ணிவிட்டேன். கறுப்பியும் பின்னாலேயே வந்தது.

இவர் கொப்பிக் கட்டையும் அரிசியையும் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"சீனி எங்கங்க?"

"நீ அவுத்துக் கூட்டிட்டுப் போயிட்டேன்னு நெனச்சேன்."

நான் இவர் அவிழ்த்திருப்பார் என்று நினைத்தேன்.

போகாதீர்கள் என்றேன். "பாவம், கட்டுனது நான்தான" என்று சொல்லிக் குடையை எடுத்துக்கொண்டு போனார். அப்போது பத்தேகால். போய்வர அரைமணி.

கறுப்பி வீட்டுப் பக்கம் பார்த்தபடி வாசலில் எழுந்து நிற்கிறது. வள்ளி எதையோ உற்றுக் கேட்டபடி யாரையும் பேசவேண்டாமென்று கைகாட்டுகிறாள்.

இப்போது பதினொன்று ஐந்து, இவரைக் காணவில்லை.