இஸ்திரி போட்ட நோட்டு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் குழந்தையும் அதேபோல் இருக்க வேண்டும் என்பதுதான் கண் விழித்ததும் எனக்கு முதல் நினைப்பு. கால் வீக்கம் வடிந்ததா, நின்றுகொண்டே சமைக்காதே, ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து செய். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். லாண்டரியும் வீடும் ஒன்றாக இருக்கிற இடத்தில் நான் போனில் என்ன பேசினாலும் உன் அப்பாவின் காது என் தோளில்தான் இருக்கும். இது அவருக்குத் தெரியக் கூடாத விஷயம், எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பிரசவத்துக்கு எங்கள் இருவருக்கும் டிக்கெட் போடுகிறேன் என்று நீ சொன்ன அன்றே அவர் முறுக்கிக்கொண்டார். மாப்பிள்ளை காசுல நான் பிளேன் ஏற மாட்டேன், போனா என் காசுலதான் போவேன் என்றார். அவர் காசு எங்கே இருக்கிறது, கடை பாய்லரை மாற்றியதில் கையிருப்பு மொத்தமும் துடைத்துக்கொண்டு போயிற்று. நீயாவது போயிட்டு வா என்று என்னிடம் சொல்லவும் அவருக்கு வாய் வரவில்லை, கேட்டால் பார்க்கலாம், பார்க்கலாம். இவர் பார்த்து முடிக்கும்வரை பிரசவம் காத்திருக்குமா.

அந்த நேரத்தில்தான் கல்லாவில் ஒரு பழைய நூறு நோட்டு வந்து விழுந்தது. நீ பிறப்பதற்கு முன்னால் அச்சடித்தது, இன்றைக்கும் செல்லும். கொடுத்தது பக்கத்துத் தையற்காரர். அவரிடமே காட்டினோம், செல்லாதுன்னா சொல்லுங்க மாத்தித் தரேன், செல்லும்னா உங்க பாடு என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். அப்பா போனில் தேடினார். அதில் கையெழுத்துப் போட்ட அதிகாரி சில மாதம்தான் பதவியில் இருந்தாராம், அதனால் அபூர்வமாம், அதே மாதிரி நோட்டுக்கு யாரோ மூன்று லட்சம் என்று விளம்பரம் போட்டிருந்தார்கள். மனுஷன் அப்போதே மனதுக்குள் பிளேன் ஏறிவிட்டார். அதோடு விட்டாரா. நான் குளித்துவிட்டு வருவதற்குள் நோட்டை சோப்பு நுரையில் நனைத்து, எண்ணெய்க் கறையை எடுத்து, லேசாகக் கஞ்சி போட்டு, மேலே ஈரத்துணி விரித்து இஸ்திரி போட்டு வைத்திருந்தார். நாலு பேர் கைக்குப் போற பொருளை இப்படிக் கசங்கலாவா கொடுக்கறது என்று என்னையே கேட்டார்.

கடையை விட்டு நகர முடியாது என்று, பழைய காசும் நோட்டும் வாங்குகிறவரிடம் என்னை அனுப்பினார். அந்த ஆள் நோட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார், விரலால் தடவினார், கடைசியில் மோந்து பார்த்தார். கஞ்சி வாடை அடிக்குதேம்மா என்றார். விளம்பரத்துல போடறது அவங்கவங்க ஆசை, ஒருத்தன் காசு கொடுத்து வாங்கினாத்தான் அது விலை. அழுக்கா மடிஞ்சு வந்திருந்தாக்கூட நாற்பதாயிரம் கொடுத்திருப்பேன், தொட்டா அச்சு கைக்கு மேடா தட்டுப்படணும், இதை வழவழன்னு ஆக்கிட்டீங்க, இனி நூறுக்கு நூறுதான் என்றார். எனக்கு வந்ததே கோபம். அழுக்கை எடுத்ததற்குத்தான் ஊரே இத்தனை காலமும் எங்களுக்குக் கூலி கொடுத்தது, இங்கே அழுக்கை எடுத்ததற்கு அபராதம். இது எந்த ஊர் நியாயம். நோட்டைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவர் மேல் வந்த கோபம் பாதிதான், மீதி முழுக்க உன் அப்பா மேல். ஒரு பொருளைத் தொடுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டால் கிரீடம் இறங்கிவிடுமா. பஸ்ஸில் வரும்போதே என்னென்ன சொல்லிக் கிழிக்க வேண்டும் என்று வரிசைப்படுத்திக்கொண்டேதான் வந்தேன்.

வாசலிலேயே நின்றிருந்தார். எவ்வளவுக்குப் போச்சு என்று கேட்பார் என்று பார்த்தால், ஒரு கசங்கல்கூட இல்லைன்னு சொல்லியிருப்பாங்களே என்று கேட்டார். நான் சொல்ல நினைத்தது ஒன்று, வாயில் வந்தது வேறு. வித்துடுச்சு, ரெண்டு டிக்கெட்டுக்குச் சரியா வரும், பணத்தை அங்கிருந்தே மகளுக்கு அனுப்பிட்டேன், இவ்வளவு பதமா இஸ்திரி போட்டது யாருன்னு கேட்டாங்க என்று சொல்லிவிட்டேன். நேரே உள்ளே போய் பாதியில் விட்ட சட்டைக் காலரைத் தேய்த்தார். இப்போது துணி போட வருகிறவர் எடுக்க வருகிறவர் எல்லாரிடமும் இதே கதைதான், எனக்கு வயிறு எரிகிறது, சிரிக்கவும் முடியவில்லை.

ஆகையால் இரண்டு டிக்கெட்டையும் நீயே போடு, பணம் அப்பா அனுப்பினார் என்று போனில் அவர் காதுபடச் சொல். மாப்பிள்ளையிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிடு. மாமனார் வாயிலிருந்து நன்றி என்று ஒரு சொல் வராது, அதற்காக மாப்பிள்ளை மனம் நோக வேண்டாம், அந்த நன்றியை நான் சேர்த்து வைத்துச் சொல்கிறேன். நல்லபடியாகப் பிள்ளை பெற்று நீண்ட ஆயுளோடு நிறைவாக இரு. நோட்டை இதோடு வைத்திருக்கிறேன், நாங்கள் திரும்பும்வரை ஒளித்து வை. துணி அலமாரியில் மட்டும் வைக்காதே, வந்து இறங்கிய மறுநாளே உன் அப்பா அதிலிருக்கும் துணியையெல்லாம் எடுத்துப் போட்டு இஸ்திரி போட ஆரம்பித்துவிடுவார்.

கோபத்தோடும் ஆசையோடும்,
உன் அம்மா