கயல் திரும்பிப் பார்க்கவில்லை

தை 8, வியாழன்
காலை ஒன்பது வரை பனி. துணி காயவில்லை. கயல் அப்பா அறுவடை மிஷினோடு பாபநாசம் போய் நாலு நாள்.

வேலை: ரேஷன், கேஸ் புக்கிங், கயலுக்கு நகம் வெட்ட.

கயலுக்கு இரண்டே கால் வயது. பேச்சு இல்லை. பக்கத்து வீட்டுப் பையன் இவளை விடச் சின்னவன். "லாரி வருது, லாரி பெருசு" என்கிறான். போனில் இவரிடம் சொன்னால், "எங்க வீட்ல எல்லாரும் லேட்டாதான் பேசுனோம். விடு."

மதியம் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டே நாலு தடவை கூப்பிட்டேன். திரும்பவே இல்லை, பிடிவாதம். முதுகில் ஒன்று வைத்தேன். அழவில்லை முதலில். எதற்கு என்று புரியாத மாதிரி பார்த்தாள். பிறகுதான் அழுகை.

தை 9, வெள்ளி
அங்கன்வாடி டீச்சர் வளர்ச்சி அட்டையை வைத்துக் கேள்வி கேட்டார். இரண்டு சொல் சேர்த்துப் பேசுகிறாளா? இல்லை. சொன்னதை எடுத்து வருகிறாளா? கை காட்டினால் வருவாள். சும்மா சொன்னால் இல்லை.

டீச்சர் கயலுக்குப் பின்னால் போய்த் தட்டைக் கீழே போட்டார். எல்லாப் பிள்ளையும் திரும்பியது. கயல் அவள் பாட்டுக்குக் கட்டை அடுக்குகிறாள். "அடம் டீச்சர்" என்றேன்.

"ஏம்மா, இத அடம்னா நெனச்ச? காது கேக்குதான்னு மொதல்ல பாரு. தஞ்சாவூர் போ. தள்ளிப்போடாத."

அவருக்குப் போன். மிஷின் சத்தத்துக்கு மேல் கத்தினார். "எம்புள்ளய செவிடுங்கிறியா?" வைத்துவிட்டார்.

தை 12, திங்கள்
முதல் பஸ். வழியெல்லாம் தூக்கம் கயலுக்கு. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து மறுபடி தூங்கவைத்து, தலையில் ஒயர் ஒட்டி டெஸ்ட்.

இரண்டு காதும். அநேகமாக எதுவுமே கேட்கவில்லை.

டாக்டரம்மா நிதானமாகக் கேட்டார். "முன்னாடி பெரிய காய்ச்சல் ஏதாச்சும் வந்துச்சாம்மா?"

வந்தது. ஒரு வயது முடிந்த மறுமாதம். மூளைக்காய்ச்சல், பத்து நாள் ஆஸ்பத்திரி. அதற்கு முன் 'காக்கா' சொல்வாள், 'த்தா' சொல்வாள். அப்புறம் ஒவ்வொன்றாக நின்றது. உடம்பு தேறட்டும் என்றிருந்தேன்.

கொண்டுபோயிருந்த பழைய ஃபைலைப் புரட்டிக் காட்டினார். டிஸ்சார்ஜ் சீட்டின் கீழே ஒரு வரி. மூன்று மாதம் கழித்துக் காது பரிசோதனை. அப்போது அறுவடை மும்முரம். பிள்ளைதான் நடக்கிறாளே, சிரிக்கிறாளே என்று விட்டுவிட்டோம். படித்தேன் அந்த வரியை. அன்றைக்கே படித்தேன். மறந்துபோனேன் என்று எழுதினால் பொய்.

"ஆபரேஷன் பண்ணலாமா டாக்டர்?"

"அந்தக் காய்ச்சலுக்கப்புறம் காதுக்குள்ள எலும்பு மாதிரி இறுகிடும். உள்ள கருவி வைக்க எடமிருக்கான்னு ஸ்கேன் பாத்துதான் சொல்ல முடியும். கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா..." ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார்.

தை 15, வியாழன்
வந்துவிட்டார். செருப்பைக்கூடக் கழற்றாமல் பிள்ளைக்குப் பின்னால் நின்று கைதட்டினார். பிறகு டம்ளரால் கதவில். பிறகு "கயலு, கயலு." கொல்லைக்குப் போனவர் திரும்பிவர அரைமணி. சீட்டு விஷயத்தைச் சொன்னேன். "நானும்தான கேக்கல" என்றார். திட்டியிருக்கலாம்.

டாக்டரம்மா சொன்னவை, மறக்காமலிருக்க:
– எதிரே, அவள் கண் மட்டத்தில் உட்கார
– பொருளைக் காட்டிப் பேச. பதிலுக்குக் காத்திருக்க
– கைஜாடையும் பாஷைதான், இன்றே ஆரம்பிக்க
– பேசுவதை நிறுத்தவே கூடாது. நம் முகம் அவளுக்கு வேண்டும்

தை 19, திங்கள்
ஸ்கேன். இடது காது முழுக்க அடைத்துவிட்டது. வலது பாதி. "வலதுல முயற்சி பண்ணலாம். கேக்கும்னு உறுதி சொல்ல மாட்டேன்." ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டோம். இவர் எழுத்து கோணல்.

வெளியே பெஞ்சில் ஒரு பெண் கேட்டாள். "பாப்பா பேரென்ன?"

"கயல்விழி."

சொன்ன பிறகுதான் உறைத்தது. ஊருக்கே தெரிந்த பேர். அவளுக்கு மட்டும் தெரியாது. கேட்ட காலம் மறந்திருக்கும்.

தை 20, செவ்வாய்
வெயில். எதிரே உட்கார்ந்து அவள் கன்னத்தில் இரண்டு விரல் வைத்தேன். இதுதான் உன் பேர். தட்டிவிட்டாள். மறுபடி வைத்தேன். தட்டிவிட்டாள். சோறு கொதித்துப் பொங்கி அடுப்பு அணைந்தது. எழவில்லை. மறுபடி வைத்தேன்.